சுருதித் திருத்தம்: எந்தக் கருவி, எவ்வளவு, எந்த வரிசையில்?

பாடியவரின் சுருதி விலகிவிட்டால் என்ன செய்வது? மேடையில் இதற்கு வழி கிடையாது, பாடியது பாடியதுதான். ஒலிப்பதிவு வந்த பிறகு சில வழிகள் திறந்தன. மறுபடி பாடச் சொல்லலாம், பிசிறிய வரியை மட்டும் தனியாக எடுத்துச் சேர்க்கலாம், நாடாவின் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கலாம். கணினி வந்ததும் இன்னொரு வழி சேர்ந்தது. பாடியவர் வீட்டுக்குப் போய்விட்ட பிறகும் அவர் குரலை அப்படியே வைத்துக்கொண்டு சுரத்தை மட்டும் நகர்த்த முடிகிறது.

உலு யாம், பத்தாங் காலி, ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் என்று வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளிலும் இந்தக் கேள்வி இன்று நடைமுறைக் கேள்வி. உறுமி மேளக் குழுவின் அம்மன் பாட்டு, திருவிழாவுக்கு முன் வெளியிட வேண்டிய முருகன் பாட்டு, ராப் கலந்த உள்ளூர்ப் பாட்டு, தேவார வகுப்புப் பிள்ளைகளின் பதிகம் எல்லாவற்றையும் படுக்கையறையில் ஒரு கணினி, ஒரு மைக், ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸ் கொண்டே பதிவு செய்துவிடலாம். பதிவு முடிந்ததும் எந்த மென்பொருளை வாங்குவது, எவ்வளவு திருத்துவது, எதை முதலில் செய்வது என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுக்குச் சொல்லப்பட்டுவரும் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

‘சரியான இடம்’ எது என்ற பழைய வழக்கு

திருத்துவதென்றால் சரியான இடம் ஒன்று இருக்க வேண்டும். தமிழ் இசை ஆய்வில் அந்த இடமே நெடுநாள் வழக்கு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ ஒரு தாயியில் 24 சுருதிகள் என்று வாதாடியது. விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தபோது 22 சுருதிக் கணக்கை முன்வைத்தது. பிற்காலத்தில் கருவிகளால் அளந்து பார்த்தவர்கள் வேறு திசையில் போனார்கள். வட இந்திய இசையில் ஜயராஜ்பாயும் ஸ்டோனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கலைஞர் ஒரே சுரத்தைப் பாடும்போதும் இடம் மாறுகிறது என்று காட்டியது. கர்நாடக இசையை ஆராய்ந்த அரவிந்த் கிருஷ்ணசாமி, நிலையாக நிற்கும் இடங்கள் அடிப்படையில் பன்னிரண்டுதான் என்று 2003இல் எழுதினார். நுட்பமெல்லாம் சுரம் அசையும் விதத்தில் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் மறுபக்கம்.

இந்த வழக்கு ஹார்மோனியத்தின் மேல் ஒருமுறை தீர்ப்பாகவே இறங்கியது. கட்டைகளில் பூட்டப்பட்ட பன்னிரண்டு சுரங்கள் இந்தியப் பாட்டுக்கு ஒவ்வாதவை என்ற வாதத்தின் பேரில் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் தடை தளர்ந்தது. மலாயாத் தோட்டங்களை அந்தத் தடை எட்டவில்லை. ‘கருணாமிர்த சாகரம்’ அச்சேறிய அதே 1917இல்தான் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடப்பட்டது. அந்தத் தோட்டங்களின் கோயில் பஜனைகளில் கைக்கு எட்டிய சுருதிக் கருவி ஹார்மோனியமே. இன்றும் வட சிலாங்கூரில் பாடக் கற்கும் பிள்ளையின் காதுக்குள் முதலில் குடியேறுவது பெரும்பாலும் ஹார்மோனியமோ கீபோர்டோ.

மென்பொருள் சும்மா விட்டால் எந்தப் பக்கம் சாயும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அது கீபோர்டின் பக்கம் சாயும். ஒரு தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்தால் கீபோர்டின் அந்தர காந்தாரம் 400இல் நிற்கிறது. தம்புராவின் ஒலிக்குள் இயல்பாகவே கேட்கும் காந்தாரம் ஏறத்தாழ 386இல் இருக்கிறது. பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான், பொருட்படுத்த வேண்டாம். காந்தாரத்தின் 14 சென்ட்டைப் பழகிய காது உடனே பிடித்துவிடும்.

தொடவே கூடாது என்ற நிலை

முதல் நிலை எளிமையானது: குரலைத் தொடாதே. இதன் வேர் குருகுலத்தில் இருக்கிறது. பாடகருக்குச் சுருதி சேர வேண்டியது சாதகத்தால். கருவி திருத்தினால் சாதகத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் அற்பமான கேள்வி கேட்கவில்லை. தேவாரம் கற்கும் பத்து வயதுப் பிள்ளை தன் பதிவில் தன்னைவிடச் சுத்தமான குரலைக் கேட்டால், எங்கே விலகினோம் என்று அறியும் வாய்ப்பையே இழக்கிறது.

இந்த நிலையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. தொடாத பதிவு என்று நாம் நம்பும் பலவும் தொடப்பட்டவைதான். நாடாக் காலத்திலேயே வரிவரியாகப் ‘பஞ்ச்’ செய்து பாடினார்கள்; நாலைந்து டேக்குகளில் நல்லதைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். ஈவன்டைட் நிறுவனத்தின் எச்910 கருவி 1975இலேயே ஒலியின் சுருதியை நகர்த்த வழி செய்தது. முழுமையாகத் தொடாமை என்பது நேரடிக் கச்சேரிப் பதிவுக்கும், குடும்பமோ ஆய்வாளரோ சேமித்து வைக்கும் பாட்டுக்கும் பொருந்தும். தோட்டத்துப் பாட்டி பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் திருத்துவது ஆவணத்தைச் சிதைப்பதாகும். அங்கே இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

கருவியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நிலை

எண்ணெய் வளம் தேடுவதற்காக நில அதிர்வுத் தரவுகளை ஆய்ந்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதே கணித முறையைக் குரலுக்குப் பயன்படுத்தி 1997இல் ஆட்டோ-டியூனை வெளியிட்டார். குரல் அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது என்று பார்த்து அது சுருதியைக் கண்டுபிடிக்கிறது. நாம் தேர்ந்த சுரவரிசையில் அருகிலுள்ள சுரத்துக்கு இழுக்கிறது. எவ்வளவு வேகத்தில் இழுப்பது என்பது ‘ரீட்யூன் ஸ்பீட்’ என்ற திருகில் இருக்கிறது. பூச்சியத்தில் வைத்தால் சுரம் வெட்டென்று தாவும். மில்லிவினாடிகளைக் கூட்டக்கூட இழுப்பு மெதுவாகிக் குரலின் சொந்த அசைவு தங்கும். வேவ்ஸ் ட்யூன் ரியல்-டைம், ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுடன் வரும் ரியாட்யூன், இலவசமாகக் கிடைக்கும் எம்ஆட்டோபிட்ச், கிரெயலன் ஆகியவையும் ஏறக்குறைய இதே வழியில் நடப்பவை.

இந்த முறையின் பெரிய வசதி நேரம். மூன்று நாளில் வெளியிட வேண்டிய திருவிழாப் பாட்டுக்கு, எளிய மெட்டில், நேராகப் பாடிய குரலுக்கு இது போதும். ஆனால் அது இரண்டு இடங்களில் நிச்சயமாகச் சறுக்கும். முதலாவது கமகம், அதைத் தனியே பார்க்க வேண்டும். இரண்டாவது ஒலிக்கசிவு. கருவி ஒரே ஒரு குரலை எதிர்பார்க்கிறது. குழுவாக நின்று பாடும்போது பாடகரின் மைக்கில் உறுமியும் சேர்ந்து விழும். உறுமியின் இடப்பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல் ஒரு சுரத்தில் நிற்காமல் மேலும் கீழும் வழுக்குகிறது. ஆண்குரலின் கீழ்ப்பகுதிக்கு அருகிலேயே ஒலிக்கிறது. மென்பொருள் அதையும் பாட்டாக எடுத்துக்கொண்டால் குரல் நடுநடுவே விக்கும். கசிவு உள்ள டிராக்கைத் திருத்த முயல்வதைவிட, உறுமியைத் தனியாகவும் பாடகரைத் தனியாகவும் பதிவதே அறிவுடைமை. ஒன்றாகப் பதியும் உயிர்ப்பு வேண்டுமென்றால் திருத்தத்தை விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெற இன்றைய கருவிகள் இன்னும் முழுமையாக உதவவில்லை.

கண்ணால் பார்த்துக் கையால் திருத்தும் நிலை

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீட்டர் நொய்பேக்கர் உருவாக்கிய மெலடைன் 2001இல் அறிமுகமானது. பாடிய ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு திரளாகத் தெரியும். அதன் நடுவே குரல் அசைந்த கோடு ஓடும். திரளைப் பிடித்து மேலே கீழே நகர்த்தலாம், நீட்டலாம், வெட்டலாம். இதன் உண்மையான பலம் மூன்று விஷயங்களைப் பிரித்துத் தருவதில் இருக்கிறது: சுரத்தின் நடு இடம் ஒன்று, சுரத்துக்குள் மெல்ல நிகழும் சரிவு ஒன்று, வேகமான அசைவு ஒன்று. சரிவை மட்டும் குறைத்து அசைவை அப்படியே விடலாம். 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பு ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகளைச் சுரத்திலிருந்து பிரித்தறியக் கற்றது. அதற்கு முன் சுரத்தை நகர்த்தினால் அவையும் சேர்ந்து நகர்ந்து பல்லிடுக்கில் சீட்டியடித்தது போலக் கேட்கும்.

கியூபேஸில் 2009இலிருந்து வேரிஆடியோவும், லாஜிக்கில் 2013இலிருந்து ஃபிளெக்ஸ் பிட்ச்சும் இதே வழியில் வந்தன. எஃப்எல் ஸ்டூடியோவின் சில பதிப்புகளோடு நியூடோன் வருகிறது. 2011இல் வெளிவந்த ஆரா என்னும் இணைப்பு முறை, மெலடைனுக்குள் பாட்டை மறுபடி ஓடவிட்டுப் பதிவு செய்யும் வேலையை ஒழித்தது. அதை ஏற்கும் மென்பொருள்களில் டிராக்கின் மேலேயே திருத்தலாம். நடைமுறையில் இது மிச்சப்படுத்தும் நேரம் கணிசம்.

இதன் ஆபத்து கண்ணில் இருக்கிறது. திரள் கோட்டுக்கு நடுவில் இல்லை என்று திரையில் தெரிந்ததும் கை நகர்த்தத் துடிக்கும், காது குறை சொல்லாவிட்டாலும். இப்படித் திருத்திய குரல் எந்த இடத்திலும் தவறாமல், எந்த இடத்திலும் மனத்தைத் தொடாமல் போய்விடுகிறது.

கமகம்: எல்லாக் கருவியும் தடுக்கி விழும் இடம்

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அது சாதாரண காந்தாரம். பாடும்போது குரல் அங்கே போய் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்திமத்தின் பக்கம் வரை ஊசலாடி, அந்த ஊசலையே காந்தாரமாகக் கேட்கச் செய்கிறது. சினிமாப் பாடகரின் சாதாரண நடுக்கம் வினாடிக்கு ஐந்து முதல் ஏழு முறை, அரை சுரத்துக்கு உட்பட்டு நிகழ்வது. தோடிக் காந்தாரத்தின் ஊசல் அதைவிட அகலமானது, பல நேரங்களில் மெதுவானது. நடுக்கத்தை அடையாளம் கண்டு விட்டுவைக்கப் பழகிய கருவிக்கு இது நடுக்கமாகத் தெரிவதில்லை. இரண்டு மூன்று தனித்தனிச் சுரங்களாகத் தெரிகிறது.

சுரவரிசையாக இராகத்தின் ஏழு சுரங்களைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரோகணத்தைப் பார்த்துச் சுரங்களை ஏற்றி-இறக்கித் தேர்ந்து, தானியங்கித் திருத்தத்தை ஓடவிட்டால் நடப்பது என்ன? ஊசல் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே படிக்கட்டாக உடைகிறது. பன்னிரண்டு சுரத்தையும் திறந்துவிட்டால், ஊசல் போகும் வழியில் இராகத்தில் இல்லாத சுரங்களில் தட்டி நிற்கிறது. ஆகவே இராகத்தைச் சுரப்பட்டியலாகக் கொடுப்பதால் மட்டும் பயனில்லை. டி.எம். கிருஷ்ணாவும் விக்னேஷ் ஈஸ்வரும் 2012இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கர்நாடக இசையில் சுரத்தையும் கமகத்தையும் பிடிகளையும் பிரித்துப் பார்த்து இராகத்தை அறிய முடியாது என்று விளக்கியது. மென்பொருள் நிறுவனங்களின் கையேடுகளைவிட வீட்டு ஸ்டூடியோக்காரருக்கு இந்தக் கருத்து அதிகம் உதவும்.

தேவாரப் பண்களிலும் இதே நிலை. இந்தளத்தை இன்று மாயாமாளவகௌளையில் பாடுகிறார்கள். அதன் ரிஷபமும் தைவதமும் அசைபவை. காந்தாரம் பெரும்பாலும் நேராக நிற்பது. பிள்ளை அந்தக் காந்தாரத்தைத் தம்புராவோடு சேர்த்து 386 பக்கம் பாடியிருந்தால், இயல்பு அமைப்பில் உள்ள கருவி அதை 14 சென்ட் தூக்கிச் சுருதியிலிருந்து விலக்கிவிடும். அதே பிள்ளை கீபோர்டின் பின்னணியோடு பாடியிருந்தால் நிலைமை தலைகீழ்: தூக்காவிட்டால்தான் உரசும். எது சரி என்பதைப் பக்கவாத்தியம் தீர்மானிக்கிறது. பன்னிரண்டு சம இடைவெளிகளுக்கு வெளியே சுர இடங்களை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி மெலடைனின் உயர் பதிப்புகளில் உண்டு. தேவாரமும் கர்நாடக இசையும் அடிக்கடி பதிபவர்கள் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கமகம் உள்ள இடத்தில் நல்ல வழி ஒன்றுதான். உடைந்து தெரியும் திரள்களை ஒரே திரளாகச் சேர்த்து, முழு ஊசலும் தாழ்ந்திருந்தால் முழுவதையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். உள்ளே கை வைக்கக் கூடாது. ஊசலே தவறாக விழுந்திருந்தால் பாடகரைத் திரும்ப அழைப்பதுதான் மருந்து.

ஆய்வு உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. பார்சலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் ஷாவியேர் செர்ரா தலைமையில் 2011இலிருந்து 2017 வரை நடந்த காம்ப்மியூசிக் திட்டம், சென்னை ஐஐடியின் பங்களிப்போடு, ஆதார சட்ஜத்தைக் கணினி தானே கண்டுபிடிப்பது, இராகத்தின் பிடிகளை அடையாளம் காண்பது ஆகியவற்றில் நிறையச் செய்தது. அவையெல்லாம் கேட்டு அறியும் கணினிக்கானவை. கேட்டபின் திருத்தும் கருவியாக அவை ஸ்டூடியோ மேசைக்கு வந்து சேர்வது அடுத்த கட்டம்.

இயந்திரக் குரலையே விரும்புவோர்

1998இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டு, மறைக்க வேண்டியதென்று கருதப்பட்ட தாவலை வெளிப்படையாகக் காட்டியது. 2005க்குப் பிறகு டி-பெயின் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். மலேசியத் தமிழிசையில் ராப்புக்கு வலுவான இடம் உண்டு. யோகி பி - நட்சத்ராவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தபின் அந்த இடம் இன்னும் விரிந்தது. ராப் பாட்டின் பல்லவியில் இயந்திரக் குரலை விரும்பிக் கேட்கும் இளைஞர்களுக்கு இது குறையை மறைக்கும் வேலை கிடையாது, ஒரு வாத்தியம். அவர்கள் தேர்வை மதிக்க வேண்டும். வேகத்தைப் பூச்சியத்தில் வைத்து, சுரப்பட்டியலைச் சரியாகக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அந்த அமைப்பை மாற்ற மறந்து அடுத்த நாள் அம்மன் பாட்டின் விருத்தத்துக்கும் அப்படியே ஓடவிடுவதுதான் தவறு.

விலை

இங்கே நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஓரிரு பாட்டு செய்பவர் கையிலிருக்கும் பதிவு மென்பொருளோடு வருவதை முதலில் முழுதாகக் கற்க வேண்டும். லாஜிக்கோ கியூபேஸின் உயர் பதிப்போ வைத்திருப்பவருக்கு உடனே வேறொன்று வாங்கும் அவசியம் இல்லை. ரீப்பரின் சலுகை உரிமம் 60 அமெரிக்க டாலர். அதிலுள்ள ரியாட்யூனில் கையால் வரையும் வசதியும் இருக்கிறது, பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும். பணத்துக்குப் பாடல் செய்து கொடுப்பவர், பக்தி இசையும் கர்நாடக இசையும் அடிக்கடி பதிபவர், மெலடைனின் உயர் பதிப்புக்குச் சேமிப்பது பயன்தரும். திருட்டுப் பதிப்பு வேண்டாம்: அது இன்னொருவர் உழைப்பைத் திருடுவது, பாதி வேலையில் நின்று, பாடகரின் டேக்குகளோடு கணினியையும் கெடுக்கக்கூடியது.

வேலை வரிசை

திருத்த நேரத்தைக் குறைக்கும் வழிகளில் பெரும்பாலானவை திருத்தத்துக்கு முன்னாலேயே இருக்கின்றன. முதலில் கட்டை. கரோக்கி டிராக் எந்தக் கட்டையில் கிடைத்ததோ அதிலேயே பாட வைப்பதுதான் பாதிச் சுருதிப் பிழைக்குக் காரணம். மேல் ஸ்தாயியில் தொண்டையை இறுக்கிப் பாடும் பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கினால் மென்பொருளுக்குப் பாதி வேலை போய்விடும். டிராக்கை இறக்க முடியாதென்றால் பாடகரை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். குரலை இழுத்து ஏற்றுவது கடைசி வழி.

அடுத்து ஆதார சுருதியின் அளவு. கோயிலில் வருடக்கணக்கில் இருக்கும் ஹார்மோனியம் 440 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. நாதஸ்வரம் இன்னும் தன்னிச்சையானது. அவற்றோடு பாடிய குரலை 440க்கு அமைந்த கருவியில் போட்டால், சரியாகப் பாடிய ஒவ்வொரு சுரமும் பிழையாகத் தெரியும். முதலில் வாத்தியத்தின் சட்ஜத்தை அளந்து, மென்பொருளின் ஆதார அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்தச் சிறு வேலையைத் தவறவிட்டு, ஒரு மாலை முழுவதும் நல்ல குரலைக் கெடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

பதிவின்போது ஹெட்போனில் பாடகருக்குத் தம்புராவோ சுருதிப்பெட்டியோ தெளிவாகக் கேட்க வேண்டும், ஜி. ராஜ் நாராயண் 1979இல் தொடங்கிய ராடல் கருவிகள் முதல் இன்றைய கைப்பேசிச் செயலி வரை எதுவானாலும் சரி. ஒரு காதை ஹெட்போனிலிருந்து விலக்கிக்கொண்டு பாடுபவர்களைத் தடுக்க வேண்டாம். தன் குரலை அறையில் கேட்பது அவர்களுக்குத் துணை. தானியங்கித் திருத்தத்தை ஹெட்போனுக்குள்ளேயே ஓடவிட்டுப் பாட வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ராப் பல்லவிக்கு அது நன்று. பக்திப் பாட்டில், திருத்தப்பட்ட தன் குரலைக் கேட்கும் பாடகர் தானாகத் திருத்திக்கொள்வதை நிறுத்திவிடுகிறார். மின்விசிறியை நிறுத்துங்கள். துத்தநாகக் கூரையில் மழை பெய்தால் பதிவையும் நிறுத்துங்கள். அந்த இரைச்சலில் குரலின் அலை எங்கே திரும்புகிறது என்று கருவி தேடித் தடுமாறும்.

மூன்று நான்கு டேக்குகள் போதும். அவற்றில் நல்ல வரிகளைச் சேர்த்து ஒரே டிராக்காக்கிய பிறகே திருத்தத்தைத் தொட வேண்டும்; எல்லா டேக்குகளையும் திருத்திவிட்டுத் தேர்ந்தெடுப்பது வீண் உழைப்பு. வரியைத் தேர்ந்தெடுக்கும்போது சுருதியைவிடப் பாவத்துக்கு முதலிடம் கொடுக்கலாம். சுருதியைத் திருத்தக் கருவி உண்டு, பாவத்துக்குக் கிடையாது. அதன்பின் இரைச்சல் நீக்கம், நேரம் விலகிய சொற்களைச் சரிசெய்தல், பிறகு சுருதி. கம்ப்ரஸரும் ரிவர்ப்பும் சுருதிக்குப் பின்னால்தான். ரிவர்ப் விழுந்த குரலில் முன் சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் மேல் கிடக்கும். கருவியால் பிரிக்க முடியாது.

இப்போது திருத்தம். முதல் சுற்றில் திரையைப் பார்க்கவே வேண்டாம். பாட்டு வரிகளை அச்சடித்து வைத்துக்கொண்டு, கேட்டு, காது உறுத்தும் எழுத்தின் மேல் மட்டும் பென்சிலால் குறியிடுங்கள். இரண்டாம் சுற்றில் குறியிட்ட இடங்களுக்கு மட்டும் போங்கள். நீண்டு நிற்கும் கார்வைகள், வரியின் முடிவில் வந்து அமரும் சட்ஜமும் பஞ்சமமும் முதல் கவனத்துக்கு உரியவை. கேட்பவர் காது சுருதியை எடைபோடுவது அங்கேதான். அங்கேயும் நடு இடத்தை முழுதாகக் கோட்டுக்கு இழுக்காமல், விலகலில் பாதிக்குச் சற்று மேல் குறைத்தால் போதும். நீண்ட சுரம் கடைசியில் தளர்ந்து கீழே சரிந்தால், சரிவுக் கட்டுப்பாட்டை மட்டும் தொடுங்கள்.

தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். திரளை எங்கே வெட்டுவது? ‘க’, ‘ட’, ‘த’, ‘ப’ போன்ற வல்லின ஒலிகள் இரட்டிக்கும்போது குரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அங்கே வெட்டினால் தெரியாது. ‘ழ’, ‘ர’, ‘ல’, ‘ய’ ஆகியவற்றிலும் ‘ம்’, ‘ன்’, ‘ங்’ ஆகியவற்றிலும் குரல் அறுபடாமல் ஓடுகிறது. ‘அழகா’ என்ற சொல்லில் ‘ழ’வின் நடுவே வெட்டி ‘கா’வை மட்டும் உயர்த்தினால் நாக்கு சுழன்று வரும் நெளிவு உடைந்து, சொல்லே வேறு யாரோ பாடியது போலாகிவிடும். வெட்டை ‘க’வுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். அங்கே ‘க’ மென்மையாக ஒலிப்பதால் வெட்டின் ஓரத்தையும் மழுக்கிக் கொடுங்கள்.

கூட்டுக் குரலுக்குச் சட்டம் வேறு. பின்பாட்டுக்காரர்கள் நால்வர் பாடிய ‘ஓம் சக்தி’யில் சுருதியைவிட நேரம் முக்கியம், நால்வரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தால் சிறு சுருதி வேறுபாடு கூட்டத்தின் கனத்தைத் தரும். நால்வரையும் கச்சிதமாகத் திருத்தினால் ஒரே ஆள் நான்கு முறை பாடியது போல மெலிந்துவிடும்.

முடித்ததும் திருத்தாத மூலத்தைத் தனியே சேமித்து வையுங்கள். மறுநாள் காலை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், திரையை அணைத்துவிட்டு. திருத்தாததே நன்றாக இருக்கும் வரிகள் சில தவறாமல் கிடைக்கும். அவற்றைத் திருப்பி வைத்துவிடலாம்.

தீராதவை

எந்தக் கருவி என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இன்று சொல்ல முடிகிறது. கமகம் மிகுந்த இசைக்கு நடு இடம், சரிவு, அசைவு மூன்றையும் பிரித்துத் தருவதும், சுர இடங்களை நாமே அமைக்க விடுவதும் ஆன கையால் திருத்தும் கருவி மேலானது. நேரான மெட்டுக்கும் ராப் பல்லவிக்கும் தானியங்கிக் கருவி போதும். எந்த வரிசை என்பதிலும் பெரிய தகராறு இல்லை.

எவ்வளவு என்பதுதான் தீரவில்லை. மலேசிய இந்து சங்கம் நடத்துவது போன்ற திருமுறைப் போட்டிகளில் பிள்ளைகள் நேரில் பாடுவதால் சிக்கல் எழுவதில்லை. எங்காவது ஒலிப்பதிவை அனுப்பச் சொல்லும் போட்டி வந்தால், திருத்தாத மூலத்தையும் கேட்டு வாங்குவது நியாயமாக இருக்கும். விற்பனைக்கான பாட்டில் திருத்தத்தை அறிவிக்க வேண்டுமா என்பதில் இருபக்கமும் வாதம் உண்டு. கமரா வெளிச்சத்தை யாரும் அறிவிப்பதில்லை என்பார்கள் ஒரு சாரார், குரல் முகத்தைவிடத் தனிப்பட்டது என்பார்கள் மறு சாரார். இரண்டாவது வாதத்துக்கே வலு அதிகம் என்று தோன்றினாலும், நடைமுறைப்படுத்தும் வழி எளிதாக இல்லை.

திருத்தப்பட்ட குரல்களையே கேட்டு வளரும் பிள்ளைகளின் காது, இந்தளத்தின் காந்தாரத்தை எங்கே எதிர்பார்க்கும் என்பதும் கவனித்துவர வேண்டிய கேள்வி. ஹார்மோனியம் அந்தக் காதை ஏற்கெனவே ஓரளவு கீபோர்டின் பக்கம் நகர்த்திவிட்டது. மென்பொருள் அந்த நகர்வை முடித்துவைக்கக்கூடும். தோட்டப்புறத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் உள்ள சுர இடைவெளிகள் கர்நாடக இசையின் அளவுக்கு விரிவாக அளக்கப்பட வேண்டியவை. மூத்த பாடகிகள் பலர் எழுபதைத் தாண்டியவர்கள் என்பதால் இது காத்திருக்கும் வேலை இல்லை. அந்த அளவீடு கைக்கு வரும்வரை அவர்கள் பாட்டில் எது பிழை, எது அவர்களின் இசை என்று சொல்லும் உரிமை அவர்களோடு சேர்ந்து பாடி வளர்ந்தவர்களுக்கே உண்டு. பதிவு செய்பவர் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.